ஒலிம்பிக் காணாத வீராங்கனை

ஒலிம்பிக் பதக்கப் பட்டியலில் ஒருவர் பெயர் இல்லாமைக்குத் திறமைக் குறைவே காரணமென்று கருதிவிடலாகாது. இங்கிலாந்தின் பெரில் பேர்ட்டன் வரலாறு இதற்குச் சான்றாகும்.

1937இல் பிறந்த இவரை, இளமையில் மூட்டுவாதக் காய்ச்சல் நெடுநாள் படுக்கையிற் கிடத்தியது. பின்னர் யோர்க்ஷயரில் தோட்டவேலை செய்துகொண்டே துவிச்சக்கர வண்டி ஓட்டத்திற் பயின்றார்.

வட்டத் தடத்தில் நிகழும் துரத்தற் போட்டியில் இருவர் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து ஒரே வேளையிற் புறப்படுவர். குறித்த தூரத்தை முதலில் முடிப்பவர், அல்லது மற்றவரை எட்டிப் பிடிப்பவர் வெல்வார். மகளிருக்கான இப்போட்டியில் 1959 முதல் 1966 வரை ஐந்து முறை பேர்ட்டன் உலக வாகை சூடினார்.

1967இல் வீதிப் போட்டியொன்றில் 12 மணி நேரத்தில் 277¼ மைல் ஓடினார். பிரித்தானிய ஆடவர் எவரும் அதுவரை அத்தூரத்தை எட்டியதில்லை. வழியில் தாம் முந்திச் சென்ற வீரருக்கு இனிப்பொன்றையும் நீட்டினார். ஆடவர் அதனை விஞ்ச இரண்டு ஆண்டுகளும், மகளிர் விஞ்ச ஐம்பது ஆண்டுகளும் சென்றன.

எனினும், ஒலிம்பிக்கில் மகளிர் துவிச்சக்கர ஓட்டம் சேர்க்கப்பட்டது 1984இலேயே. துரத்தற் போட்டி 1992இல். 1996இல், வண்டியோட்டிச் செல்கையிலேயே பேர்ட்டன் உயிர் நீத்தார். அவர் தோற்ற ஒலிம்பிக் போட்டி எதுவுமில்லை; அவருக்கெனப் போட்டியே வைக்கப்படவில்லை.