ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களும் படைவீரர் மனநிலையும்

ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் என்பவை பெரும்பாலும் உணவின் வழியே உடல் பெறும் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் ஆகும். இவற்றுள் ஒன்றான டோகோசாஎக்சாயீனோயிக் அமிலம் (டிஎச்ஏ) மூளை நரம்பணுக்களின் மென்சவ்வில் மிகுதியாக உள்ளது. போர்ச்சூழலின் கடும் மன அழுத்தத்தை இது தணிக்குமா என்பது ஆராயப்பட்டுள்ளது.

ஆய்வுகள்

2011 இல் வெளியான ஆய்வொன்று, தற்கொலை செய்துகொண்ட 800 ஐக்கிய அமெரிக்கப் படையினரின் குருதி மாதிரிகளை வேறு 800 படையினரின் மாதிரிகளோடு ஒப்பிட்டது. டிஎச்ஏ குறைந்திருந்தோரிடம் தற்கொலை இடர் கூடுதலாகக் காணப்பட்டது. எனினும் இது தொடர்பை மட்டுமே காட்டியது, காரணத்தை நிறுவவில்லை. 2014 இல் வெளியான சிறிய முன்னோடி ஆய்வில், ஈராக்கில் பணியாற்றிய வீரர்களுக்கு ஒமேகா-3 அளிக்கப்பட்டது. அவர்களின் மனநிலையில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படவில்லை.

உணவு மூலங்கள்

மத்தி, கானாங்கெளுத்தி ஆகிய கடல்மீன்களில் டிஎச்ஏ நிறைந்துள்ளது. ஆளி விதையில் உள்ள ஆல்ஃபா-லினோலெனிக் அமிலத்தில் மிகச் சிறு பகுதியே உடலில் டிஎச்ஏ ஆக மாறும். கடலோரத்தில் அமையாத இராசபாளையம், திருவில்லிபுத்தூர் போன்ற ஊர்களின் சமையலில் பயன்படும் நல்லெண்ணெயிலும் கடலெண்ணெயிலும் ஒலெயிக் அமிலமும் ஒமேகா-6 வகை லினோலெயிக் அமிலமும் மிகுந்துள்ளன. ஒமேகா-3 மிகக் குறைவு. ஆகவே இவ்வெண்ணெய்கள் மீனுக்கு ஈடாகா. மீனும் மன அழுத்தத்திற்கான மருத்துவத்திற்கு மாற்றாகாது.