காண்டிராக்டர் மாறலாம், கணக்கு மாறலாமா?

கும்மிடிப்பூண்டி ரெயில் நிலையத்தில் காலை வண்டி வந்து நிற்கிறது. சாப்பாட்டுப் பாத்திரமும் கையுமாகத் தொழிலாளர்கள் இறங்குகிறார்கள். சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு ஆலைகள் பல. அங்கே வேலை செய்பவர்களில் பலர் காண்டிராக்ட் ஆட்கள். இன்று ஒரு காண்டிராக்டர். 3 ஆண்டு கழித்து வேறொருவர். ஆலை என்னவோ அதேதான்!

காண்டிராக்டர் மாறியதும் பலர் செய்கிற முதல் காரியம், பி.எப். பணத்தை வாங்குவது. மகளுக்குக் காதணி விழா, கொஞ்சம் பழைய கடன். பணம் தீர்ந்துவிடும். அதோடு இன்னொன்றும் கைநழுவுகிறது. அதுதான் பென்சன்!

ரூபாய்க்கு ஒரு அணா

இந்தத் திட்டம் நடைமுறைக்கு வந்தது 1952 நவம்பர் 1-ந் தேதி. அப்போது 6 தொழில்களுக்கு மட்டுமே இருந்தது. இரும்பும் அதில் ஒன்று. அன்று சம்பளத்தில் ரூபாய்க்கு ஒரு அணா பிடித்தார்கள். இப்போது பொதுவாக நூற்றுக்கு 12 ரூபாய். முதலாளியும் அதே அளவு போடவேண்டும்.

சம்பளம் 15 ஆயிரம் என்றால் தொழிலாளி பங்கு 1,800 ரூபாய். முதலாளி பங்கும் 1,800. ஆனால் முதலாளி தரும் பணத்தில் 1,250 ரூபாய் பென்சன் நிதிக்குப் போய்விடும். மீதி 550-தான் பி.எப். கணக்கில் சேரும். "முதலாளி பணம் குறைகிறதே!" என்று பலர் சந்தேகப்படுவது இதனால்தான்.

6 காண்டிராக்டர், 18 ஆண்டு

58 வயதில் பென்சன் வாங்க 10 ஆண்டு பணிக்காலம் வேண்டும். ஒருவர் 6 காண்டிராக்டர்களிடம் மும்மூன்று ஆண்டு வேலை பார்த்ததாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் பென்சன் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் 18 ஆண்டு உழைத்தும் பென்சன் கிடையாது. எடுக்காமல் ஒரே கணக்காகச் சேர்த்திருந்தால், 15 ஆயிரம் சம்பளக் கணக்கில் மாதம் சுமார் 3,857 ரூபாய் வரும். பெரிய தொகை அல்ல. ஆனால் உயிர் உள்ளவரை வரும். அவருக்குப் பின் மனைவிக்கும் ஒரு பங்கு உண்டு.

அவசரத்துக்குப் பி.எப். பங்கை எடுத்தாலும், பென்சன் பங்கைத் தொடாமல் விட்டால் பணிக்காலம் அழியாது.

கணக்கைச் சேர்ப்பதற்கு 2014-ல் 12 இலக்க எண் ஒன்று வந்தது. யு.ஏ.என். என்பார்கள். ஒரு ஆளுக்கு ஒரே எண். புதிய காண்டிராக்டரிடம் சேரும் அன்றே பழைய எண்ணைக் கொடுக்கவேண்டும். புதிதாக ஒன்று வாங்கினால் வீண் தொல்லை.

பிடித்த பணம் போய்ச் சேர்ந்ததா?

யு.ஏ.என்.னில் பதிவு செய்த செல்போனிலிருந்து 9966044425-க்கு 'மிஸ்டு கால்' கொடுத்தால் இருப்பு விவரம் வரும். செலவில்லை. சம்பளத்தில் பிடித்துக்கொண்டு காண்டிராக்டர் கட்டாமல் விட்டால், ஆலை நிர்வாகமே அதற்குப் பொறுப்பு. இது பலருக்குத் தெரிவதில்லை.

வீட்டில் இருப்பவர்களும் ஒன்றைப் பார்க்கவேண்டும். வேலையில் இருக்கும்போது தொழிலாளி இறந்துவிட்டால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. அதற்காகச் சம்பளத்தில் ஒரு காசும் பிடிப்பதில்லை. ஆனால் வாரிசுதாரர் பெயர் சரியாக இருக்கவேண்டும். கலியாணத்துக்கு முன்பு எழுதிக் கொடுத்ததோடு பலர் விட்டுவிடுகிறார்கள். மனைவி பெயர் அதில் இருக்காது. ஆதாரில் 'முருகன்', கணக்கில் 'முருகேசன்' என்று இருந்தாலும் இழுபறிதான். உயிரோடு இருக்கும்போது திருத்துவது சுலபம்.

பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் இங்கே வேலைக்கு வந்தவர்களுக்கும் இதே விதிதான். ஊர் திரும்பி வேறு ஆலையில் சேர்ந்தாலும் அந்த 12 இலக்க எண் அங்கேயும் செல்லும்.