கணக்குப் பரீட்சைக்கு அப்பாவும் உதவலாம்!

மும்பை தாராவியில் பல வீடுகளில் இரவு 9 மணிக்கு மேல்தான் பாடப் புத்தகம் திறக்கிறது. இருப்பது ஒரே அறை. சமையல் முடிந்து, பாத்திரம் ஒதுங்கிய பிறகுதான் பிள்ளை உட்கார இடம் கிடைக்கிறது.

மராட்டிய மாநில 10-ம் வகுப்புப் பரீட்சையில் கணக்குக்கு 2 தாள்கள். அல்ஜீப்ரா 40 மார்க், ஜியாமெட்ரி 40 மார்க். ஒவ்வொரு தாளுக்கும் 2 மணி நேரம். மீதி 20 மார்க்கைப் பள்ளிக்கூடமே போடுகிறது.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது; நான் என்ன சொல்லிக்கொடுப்பது?" என்று தகப்பனார் ஒதுங்கிக்கொள்கிறார். டியூஷனுக்குப் பணம் கட்டவும் முடிவதில்லை. ஆனால் ஒதுங்கவேண்டிய அவசியம் இல்லை.

பில்லே பாடம்

அல்ஜீப்ராவில் ஜி.எஸ்.டி. கணக்கு உண்டு. கடை பில்லைக் கொடுத்து வரியைப் போடச் சொல்லலாம். 500 ரூபாய்ச் சரக்குக்கு 18 சதவீத வரி என்றால், மத்திய அரசுக்கு 45 ரூபாய். மாநில அரசுக்கு 45 ரூபாய். ஆக மொத்தம் 590 ரூபாய். குமாஸ்தா வேலை பார்ப்பவருக்கு இது தண்ணீர் பட்ட பாடு.

ஜியாமெட்ரி தேற்றங்களை வாயால் ஒப்பித்தால் போதாது. புத்தகத்தை மூடிவிட்டு எழுதவேண்டும். எழுதியதைப் புத்தகத்தோடு வரிக்கு வரி ஒத்துப்பார்க்க, இங்கிலீஷ் பேசத் தெரியவேண்டியது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை

வாரம் ஒரு பழைய கேள்வித்தாள். 2 மணி நேரம். அப்பா கையில் கடிகாரம். தப்பான கணக்குகளைத் தனி நோட்டில் மறுநாளே திரும்பப் போடவேண்டும். பரீட்சைக்கு முந்தின இரவு அந்த நோட்டு ஒன்றே போதும்.

அந்த 2 மணி நேரம் வீட்டில் ரேடியோவும் டி.வி.யும் வாய் திறக்கக்கூடாது. அப்பாவுந்தான்!