உடல் இளைத்தது, எலும்பு தேயலாமா?

பழவேற்காட்டு ஏரிக்கரை இல்லங்களுக்கு நெத்திலி புதிதன்று. முள்ளோடு மென்று உண்ணும் அச்சிறுமீன் சுண்ணாம்புச் சத்து நிறைந்தது. ஆயினும், உடல் பருமனுக்காக இரைப்பை பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோருக்கு அது மட்டும் போதாது.

ஏன்? சுண்ணாம்புச் சத்தை நன்கு ஈர்க்கும் சிறுகுடலின் முற்பகுதி வழியே உணவு செல்வதில்லை. வைட்டமின் டி சேர்வதும் குறைகிறது. இரத்தத்தில் நேரும் குறையை உடல் எலும்பிலிருந்தே ஈடுசெய்கிறது. வலியின்றித் தேயும் எலும்பு சிறு சறுக்கலிலும் முறியலாம்.

உணவையும் சேர்த்து நாளொன்றுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம் கால்சியம் தேவை. மாத்திரையை ஒரே வேளையில் விழுங்காமல் பிரித்து உண்ண வேண்டும். அமிலச் சுரப்புக் குறைந்த வயிற்றுக்குக் கால்சியம் சிட்ரேட் ஏற்றது. இரும்புச் சத்து மாத்திரைக்கு இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். நோன்பு நோற்குமுன் மருத்துவரிடம் கேட்டு, இஃப்தாருக்கும் ஸஹருக்குமாக வேளைகளை வகுத்துக்கொள்ளுங்கள்.

சகோதரிகளே, இளைத்த மகிழ்ச்சியில் மாத்திரையையும் ஆண்டுதோறும் செய்யும் இரத்தப் பரிசோதனையையும் மறந்துவிடாதீர்கள்!