வானத்துக்கும் முறைப்பாசனமா?

பூமியின் சூட்டைத் தணிக்க வானத்தில் கந்தகம் தூவலாமா என்று விஞ்ஞானிகள் கூடிப் பேசும்போது, முன்னுதாரணமாக எடுப்பது பெரும்பாலும் எரிமலைகளைத்தான். என்னைக் கேட்டால், ஒருமுறை உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் திருமூர்த்தி அணைக்கு வந்து பார்த்துவிட்டுப் பேசட்டும் என்பேன்.

உடுமலை ஆனைமலைத் தொடரின் மழை மறைவில் இருக்கும் ஊர். தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடும். இந்தப் பக்கம் வருவது பலத்த காற்றும் கொஞ்சம் சாரலும். அந்தக் காற்றில் காற்றாலைகள் சுற்றும், காடு விளையாது. அதனால் அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆறுகளையே கிழக்கே திருப்பினார்கள். நீராற்றுத் தண்ணீர் சோலையாற்றுக்கும், அங்கிருந்து பரம்பிக்குளத்துக்கும், பிறகு தூணக்கடவுக்கும் மலையைக் குடைந்த சுரங்கங்கள் வழியே வருகிறது. சர்க்கார்பதி மின்நிலையத்தில் இறங்கி, மலையோரமாகவே 49 கிலோமீட்டர் காண்டூர் கால்வாயில் ஓடித் திருமூர்த்தி அணையைச் சேர்கிறது. 1961-ல் நேரு தொடங்கி வைத்த பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் இது. பொறியியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்தச் சீமையின் தென்னந்தோப்புகளே சாட்சி.

தண்ணீர் வந்து சேர்ந்த பிறகுதான் வில்லங்கம். இன்று 3.77 லட்சம் ஏக்கர் ஆயக்கட்டு, நான்கு மண்டலங்கள். ஒரு வயலுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் முறை வரும். அதிலும் வெள்ளகோவில் பக்கத்துக் கடைமடைக்காரர்கள் தங்கள் பங்கு வந்து சேரவில்லை என்று போராட்டத்தில் உட்காருவார்கள். வழியில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள் என்ற புகார் ஓய்ந்ததே இல்லை.

கேரளத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தம் இன்னொரு கதை. 1970 மே மாதம் கையெழுத்தானது, 1958 நவம்பரிலிருந்து செல்லும். முப்பது வருடத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டும். அந்தக் கெடு 1988-லேயே வந்துவிட்டது. 2019-ல்கூட இரு மாநில முதல்வர்களும் திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

2022 செப்டம்பர் 21 அதிகாலையில் பரம்பிக்குளம் அணையின் மூன்று மதகுகளில் நடுமதகின் சங்கிலி அறுந்து, ஷட்டர் அடித்துக்கொண்டு போனது. உடுமலைக்கு வர வேண்டிய தண்ணீர் சாலக்குடி ஆற்றில் பாய்ந்து, கேரளத்தில் வெள்ள எச்சரிக்கை கொடுக்கும்படி ஆயிற்று. கட்டியவர்கள் போய்ச் சேர்ந்தாலும் பராமரிப்பவர்களுக்கு ஓய்வு கிடையாது.

இப்போது வானத்துக்கு வருவோம். ஓசோன் ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்ற பால் குருட்சன் கந்தகத் தூவலைப் பற்றி 2006-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் புவிப் பொறியியல் என்ற பேச்சு கௌரவமான சபைகளில் ஏறியது. அதற்கு ஆதாரம் பிலிப்பைன்ஸின் பினடூபோ எரிமலை. 1991 ஜூனில் அது வெடித்துக் கக்கிய கந்தகம் மேல்வளிமண்டலத்தில் மெல்லிய திரையாகப் படர்ந்து, உலக வெப்பத்தை அரை டிகிரி அளவுக்குக் குறைத்தது. இந்தப் பாதியைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். வெடிப்பை அடுத்து வந்த ஒரு வருடத்தில் உலகின் நிலப்பரப்பில் மழையும் ஆற்று நீரும் குறைந்ததை மறுபாதியாக வைத்துக்கொள்ளுங்கள். வெயில் குறைந்தால் கடல் ஆவியாவதும் குறையும். பருவமழையை நம்பிப் பிழைக்கும் நமக்கு அரை டிகிரியைவிட அந்தக் கணக்குதான் முக்கியம். தூவத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாலும் ஆபத்து. அதுவரை மறைந்திருந்த வெப்பமெல்லாம் குறுகிய காலத்தில் திரும்பி வந்துவிடும். பரம்பிக்குளத்துச் சங்கிலியை உலக அளவில் யோசித்துப் பாருங்கள்.

மேகத்தைத் தொட்டதற்கும் வரலாறு உண்டு. 1946-ல் அமெரிக்காவில் வின்சென்ட் ஷேஃபர் உலர்பனிக் கட்டியைத் தூவி மேகத்தைப் பனியாக உதிர வைத்தார். 1967-லிருந்து 1972 வரை அதே அமெரிக்காவின் ராணுவம், எதிரியின் பாதையைச் சேறாக்குவதற்காகவே வியட்நாம் போரில் மேகங்களைத் தூண்டி மழையை நீட்டிக்கப் பார்த்தது. வானிலையை ஆயுதமாக்கக் கூடாது என்ற சர்வதேச உடன்படிக்கை அதன் பிறகுதான் வந்தது. தமிழ்நாடும் 1980-களிலும் 1993-94-லும் செயற்கை மழைக்கு முயன்றது. நம்மைப் போலவே மழை மறைவில் இருக்கும் சோலாப்பூரில் புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் நடத்திய சோதனையில் சுமார் 18 சதவீதம் கூடுதல் மழை கிடைத்ததாகச் சொல்கிறார்கள். நல்ல பலன்தான். ஆனால் தூவுவதற்கு முதலில் மேகம் வந்திருக்க வேண்டும்.

மழை பொய்த்தால் ஊரில் கொடும்பாவி கட்டி இழுப்பது பழைய வழக்கம். வைக்கோல் பொம்மைமேல் பழியைப் போட்டு, ஒப்பாரி வைத்து ஊர் ஆறுதல் அடையும். கந்தகம் தூவிய வருடத்தில் மழை பொய்த்தால் எந்த நாட்டின் கொடும்பாவியை இழுப்பது? தூவியவர்கள் அது இயற்கை என்பார்கள். இல்லையென்று நிரூபிக்கும் பாரம் கடைமடைக்காரன் தலையில் விழும். ஒரே நாட்டின் இரண்டு மாநிலங்களே ஓர் ஒப்பந்தத்தை மறுபரிசீலனை செய்யத் திணறுகிறபோது, நூற்றுத் தொண்ணூறு சொச்சம் நாடுகள் வெயிலுக்கு எப்படிப் பங்கு பிரிக்கும்?

ஆராய்ச்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்போது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இருக்கும் பாலா கோவிந்தசாமி, 2000-லேயே சக விஞ்ஞானி கென் கால்டெய்ராவோடு சேர்ந்து வெயிலைக் குறைப்பதன் விளைவைக் கணினி மாதிரியில் ஆராய்ந்தவர். அப்படிப்பட்ட வேலை நம் நாட்டில் இன்னும் நடக்க வேண்டும். கணினியைத் தாண்டி வானத்துக்குப் போவதுதான் வேறு விஷயம். ஓர் அமெரிக்கச் சிறு நிறுவனம் மெக்சிகோ மண்ணிலிருந்து யாரையும் கேட்காமல் கந்தக பலூன்களைப் பறக்கவிட்டது. 2023 ஜனவரியில் அந்த நாட்டு அரசு இத்தகைய சோதனைகளுக்குத் தடை விதிக்கப்போவதாக அறிவித்தது. பருவமழை நாடுகளின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் ஒரு கிலோ கந்தகம்கூட மேலே போகக் கூடாது என்று இந்தியாவும் இப்போதே சொல்லிவிட வேண்டும்.