வாசல் பிளக் பாயிண்ட்: மூடி இருந்தால் மட்டும் போதுமா?

கொடைக்கானலில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழை அதைவிடக் கடுமை. மழை விட்டாலும் மேகம் கடைக்குள் வந்துவிடுகிறது. ஆனாலும் வாசல் விளக்குக்கும் மின் தராசுக்கும், உள்ளே பொருத்தும் சாதாரண பிளக் பாயிண்டையே நம்மில் பலர் வெளிச்சுவரிலும் பொருத்தி, மேலே பாலிதீன் கட்டிவிடுகிறோம். ஈரம் அதற்குள்ளேயே தங்குகிறது.

வெளியிடத்துக்கு ஐ.பி. 55 அல்லது அதற்கு மேல் அச்சிட்ட பெட்டியையே கேட்டு வாங்க வேண்டும். இரண்டாவது எண்தான் தண்ணீருக்கானது. 5 என்றால் பீய்ச்சியடிக்கும் நீரையும் தாங்கும். அதுவும் மூடி சாத்தியிருந்தால்தான்! பிளக் செருகியதும் மூடி திறந்தே நிற்கும் பெட்டியால் நமக்குப் பயனில்லை. வாங்கும்போதே பிளக்கைச் செருகி மூடிப் பார்த்துவிடுங்கள். ஒயர் கீழ்ப்பக்கமாகவே நுழைய வேண்டும். மேலே துளையிட்டால் ஒயரைப் பிடித்துக்கொண்டு மழைநீர் உள்ளே இறங்கும்.

எர்த் கட்டாயம். கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் வேண்டும். ஃபியூஸ்தான் இருக்கிறதே என்பார்கள். 5 ஆம்பியர் ஃபியூஸ் 5,000 மில்லி ஆம்பியர் வரை பேசாமல் இருக்கும். ஆளைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்கே போதும். வேலையை உரிமம் பெற்ற ஒயர்மேனிடம் விட்டுவிடுவோம். ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது மட்டும் நம் வேலை. அழுத்தியும் விழவில்லை என்றால் அன்றே மாற்றிவிட வேண்டும்.