உருக்கத்துக்கும் கணக்கு உண்டு

இசையைப் பற்றிய பேச்சில் நுட்பத் திறமையையும் உணர்ச்சியையும் எதிரெதிராக நிறுத்தும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. பிருகா எனப்படும் அதிவேகச் சுரக்கோவைகளை அள்ளி வீசும் பாடகரைக் கேட்டுவிட்டு, “வித்தை அபாரம், ஆனால் சௌக்கியம் இல்லை” என்று கர்நாடக இசை ரசிகர் குறைப்படுவதும், வேகத்தில் மயங்கிய கிற்றார் கலைஞரைப் பற்றி, “விரல் ஓடுகிறது, மனம் அசையவில்லை” என்று றொக் இசை ரசிகர் குறைப்படுவதும் ஒரே வழக்கின் இரு வடிவங்கள்தாம். இந்த வழக்கு வெறும் ரசனைச் சண்டையாக நின்றிருந்தால் கேடில்லை. யாருடைய இசை ‘கலை’, யாருடைய இசை ‘இயல்பாக வரும் ஆட்டபாட்டம்’ என்று தரம் பிரிப்பதற்கும் அது பயன்பட்டிருப்பதால், அந்தத் தரப்பிரிப்பின் சுமையை இன்றும் தாங்கி நிற்கும் இலங்கை மலையகத்தில் இதைச் சற்று ஆழமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

உணர்ச்சி எங்கிருந்து பிறக்கிறது என்பதற்குத் தோடி இராகத்தின் காந்தாரம் நல்ல சான்று. எழுத்தில் ‘க’ என்று ஒரே சுரமாகக் குறிக்கப்படும் அது, பாடும்போது ஓரிடத்தில் நிற்பதில்லை. கீழே ரிஷபத்தையும் மேலே மத்திமத்தையும் தொட்டுத் தொட்டு அசைகிறது. கமகம் எனப்படும் இந்த அசைவின் அகலமும் வேகமும் மயிரிழை பிசகினாலும் தோடியின் முகம் மாறிவிடும். தோடி வாசிப்புக்கென்றே பெயர் பெற்ற திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) நாகசுரத்தில் கேட்டவர்கள் உருகியதும் அந்த அசைவுக்காகத்தான். நாகசுரத்தில் ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடைப்பட்ட நுண்ணிய ஒலிகளை, விரலால் துளையைப் பாதி மூடியும், நாணலால் செய்த சீவாளியை உதட்டால் அழுத்தியும் தளர்த்தியும், மூச்சைக் கூட்டிக் குறைத்துமே வருவிக்க முடியும். ரசிகர் ‘உருக்கம்’ என்று உணர்வது, உதட்டுக்கும் மூச்சுக்கும் பல்லாண்டு கொடுத்த பயிற்சியைத்தான்.

தாளத்தில் இதே சிக்கல் இன்னும் வெளிப்படையாகத் தெரியும். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கைகளை நான்கு நான்காகப் பகுத்தால் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு, 32 மாத்திரைகள் கிடைக்கும். பத்து மாத்திரைச் சொற்கட்டு ஒன்றை, இடையிடையே ஒரு மாத்திரை கார்வை, அதாவது இடைவெளி, விட்டு மும்முறை வாசித்தால் அந்த 32 சரியாக நிறைந்து தாளத்தின் தொடக்கத்தில் வந்து விழும். இத்தகைய கோர்வைகளைக் கட்டுவதே ‘கணக்கு’. கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டுப் பாட்டின் போக்கோடு இழைந்து ஓடும் நடை ‘சர்வலகு’. சர்வலகு எளிது என்று நினைப்பவர்கள் அதைக் கேட்டவர்களே ஒழிய வாசித்தவர்களாக இருக்க முடியாது. ஒரே நடையைச் சலிப்பின்றி, வேகம் கூடாமலும் குறையாமலும் நிறுத்துவது மிகக் கடினம். யாழ்ப்பாணத்துத் தவில் மேதை அளவெட்டி தெட்சணாமூர்த்தி (1933–1975) கணக்கின் எல்லைகளைத் தொட்டவராக ஈழத்திலும் தமிழகத்திலும் கொண்டாடப்பட்டவர். அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் இந்தியாவின் தேசிய விருதைப் பெற்றது. அவர் வாசிப்பில் கணக்கு எங்கே முடிந்து உணர்ச்சி எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முயல்வது வீண்வேலை.

மேற்கிலும் வரலாறு ஏறத்தாழ இப்படித்தான். 1820இல் வெளியான, வயலின் கலைஞர் பகனினியின் 24 தனிவாசிப்புகள் திறமையின் உச்சமாக இன்றும் கருதப்படுகின்றன. அந்த மரபை மின்கிற்றாருக்குக் கொண்டுவந்த சுவீடன் கலைஞர் இங்வே மால்ம்ஸ்டீன் 1984இல் தம் முதல் தனி இசைத்தட்டை வெளியிட்டபோது, வேகமே இசையா என்ற கேள்வி றொக் உலகில் பலமாக எழுந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1970களின் நடுவில், நீண்ட சிக்கலான இசைக்கோவைகளை வெறுத்துச் சில எளிய சுரக்கூட்டுகளோடு கிளம்பிய ‘பங்க்’ குழுக்கள் திறமையையே சந்தேகப் பொருளாக்கியிருந்தன. இவை எல்லாவற்றையும்விட மலையக வாசகருக்கு நெருக்கமானது பி.பி. கிங்கின் கதை. 1925இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துப் பருத்தித் தோட்டமொன்றில் பிறந்து, சிறு வயதில் பருத்தி பறித்து வளர்ந்த இந்தக் கறுப்பினக் கலைஞர், றொக் இசைக்குத் தாயான ‘புளூஸ்’ இசையின் பேரரசராகக் கருதப்பட்டவர். அவர் விரைந்து வாசித்தவர் அல்லர். ஒரு தந்தியை அழுத்தியபடி இடது கையை நுணுக்கமாக நடுங்கச் செய்து, அந்த ஒற்றைச் சுரத்தை மனிதக் குரலைப் போல அழ வைத்தவர். கமகத்தை அறிந்த தமிழ்ச் செவிக்கு இது அந்நியமாக இராது. அந்த நடுக்கத்தை அவர் பாடுபட்டுப் பழகி உருவாக்கினார். ஆயினும் கறுப்பினத்தவரின் இசை ‘இரத்தத்தில் ஊறிய உணர்ச்சி’ என்றே நெடுங்காலம் புகழப்பட்டது. உழைப்பை மறைக்கும் புகழ்ச்சி அது.

பொல்பிட்டிய தொடங்கி ஹட்டன், நுவரெலியா வரையிலான மலைச்சரிவுகளில் ஒலித்துவரும் தப்புக்கும் இதுவே நேர்ந்தது. விடியற்காலையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரைப் பெரட்டுக்களத்துக்கு, அதாவது பெயர் கொடுத்து வேலை பெறும் இடத்துக்கு, அழைக்கவும், சாவை அறிவிக்கவும், திருவிழாவை நடத்தவும் அடிக்கப்பட்ட இந்தத் தோற்கருவியை ‘வெறும் சத்தம்’ என்றவர்கள் உண்டு. ‘ஏழை மக்களின் உணர்ச்சிக் குமுறல்’ என்று பரிந்து பேசியவர்களும் உண்டு. இரு சாராருமே அதை அடித்தவரின் கையைக் கவனிக்கவில்லை. மலைநாட்டின் ஈரத்தில் தோல் விரைவில் தளர்ந்துவிடும் என்பதால், அடிப்பதற்கு முன் தீ மூட்டி அதைக் காய்ச்ச வேண்டும். காய்ச்சல் குறைந்தால் ஒலி மந்தமாகும், மிஞ்சினால் தோல் வெடிக்கும். பதம் வந்ததா என்பதை விரலால் சுண்டிப் பார்த்துச் செவியால் முடிவு செய்கிறார்கள். பிறகு, ஒரு கையிலுள்ள தடித்த குட்டைக் குச்சி தோலின் நடுப்பகுதியில் கனத்த ஒலியையும், மறு கையிலுள்ள நீண்ட மெல்லிய குச்சி விளிம்பருகே கூரிய ஒலியையும் எழுப்ப, இரண்டும் பின்னிப் பிணைந்து நடை உருவாகிறது. சாவுக்கு ஒரு அடி, சாமிக்கு ஒரு அடி, கூத்துக்கு ஒரு அடி. ஒன்று மற்றொன்றில் கலந்துவிடக் கூடாது.

மாசி மாதத்தில் தோட்டங்களில் நடக்கும் காமன் கூத்தில் இந்தத் திறமை முழுமையாக வெளிப்படுகிறது. கம்பம் ஊன்றி விரதத்தோடு தொடங்கும் இக்கூத்தில், சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்தபின் ரதி புலம்பும் கட்டம் வரும்போது, அதுவரை களத்தை அதிர வைத்த தப்பு குரலுக்குக் கீழே அடங்கி நடக்க வேண்டும். அப்படி அடக்கி அடிக்கத் தெரியாதவர் கையில் ரதியின் அழுகை கேட்காமலே போகும். கச்சேரி மேடையில் மிருதங்கக் கலைஞர் காட்டும் அதே ஒடுக்கத்தை இங்கே பகல் முழுவதும் மலையில் உழைத்த தொழிலாளி காட்டுகிறார். முன்னதை ‘ஞானம்’ என்றும் பின்னதை ‘உணர்ச்சி’ என்றும் பெயரிட வைத்தது இசை இலக்கணம் அன்று, தப்பைத் தொடுவோரை ஒதுக்கி வைத்த சாதிதான்.

எளிய இசையிலும் திறமை உண்டு என்பதற்கு மலையகத் தொழிற்சங்க வரலாறே சாட்சி. 1930களில் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையார், மக்கள் ஏற்கெனவே அறிந்த மெட்டுகளில் தொழிலாளரின் துயரத்தைப் பாடலாக்கிக் கூட்டங்களில் பாடினார். கேட்ட மாத்திரத்தில் கூட்டம் திருப்பிப் பாடும்படி சொல்லையும் மெட்டையும் பொருத்துவது ஆழ்ந்த இசைத் தேர்ச்சி இல்லாமல் கைகூடாது.

இலங்கைப் பாடசாலைகளில் கர்நாடக சங்கீதம் அழகியல் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. அது தொடர வேண்டும். அதே வகுப்பறைக்குத் தோட்டத்தின் தப்புக் கலைஞரையும் ஆசிரியராக அழைத்து, அவருடைய அடிகளைச் சொற்கட்டாக எழுதி, ஒலிப்பதிவு செய்து, அவர் பெயரோடு பாதுகாக்க வேண்டும். முதிய கலைஞர்கள் இருக்கும்போதே இதைச் செய்யும்படி மலையகத்தின் இசை ஆசிரியர்களையும் கல்வி அதிகாரிகளையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.